முகத்தில் ஃபில்லர், போட்டொக்ஸ், த்ரெட் செய்த பிறகு தேறுவது எப்படி: கொழும்பில் இருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் சருமச் சிகிச்சை நிலையம் ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். சிகிச்சை முடிந்த மறுநாள் காலை ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து விசாரிப்பதும் என் வேலைதான். ஊசி போடும்போது வரும் சிக்கலை விட, வீட்டுக்குப் போன பிறகு வரவழைத்துக்கொள்ளும் சிக்கல்தான் அதிகம் என்பது அந்த அழைப்புகளில் தெரிந்தது. காரணமும் பெரும்பாலும் ஒன்றே: கை சும்மா இருப்பதில்லை. தொட்டுப் பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைப் பூசுவார்கள்.

ஃபில்லர் (தோலுக்கடியில் ஜெல் போட்டு நிரப்பும் ஊசி), போட்டொக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி), த்ரெட் லிஃப்ட் (தோலுக்கடியில் நூல் விட்டுத் தூக்கிப் பிடிப்பது) ஆகிய மூன்றையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது), கெமிக்கல் பீல் (மருந்து பூசி மேல் தோலை உரிப்பது), லேசர் செய்தவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. உங்கள் டொக்டர் எழுதித் தந்த தாளில் வேறு விதமாக இருந்தால் அந்தத் தாளின்படியே நடங்கள்.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, புகைப்படம் எடுக்கும் நாள் என்று ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு மாதமாவது முன்பே சிகிச்சையை முடித்துவிடுங்கள். ஃபில்லர் வீக்கம் சில நாட்களில் வடியும். இரத்தக் கண்டல் மறைய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும். போட்டொக்ஸ் முழுதாக வேலை செய்யவே இரண்டு வாரம் வேண்டும். அதற்குப் பிறகு சின்னத் திருத்தம் தேவைப்பட்டால் அதற்கும் இடம் விட வேண்டும். விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது உதட்டுக்கு ஃபில்லர் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அவர்களுக்குச் செய்யும் நன்மை.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சையைப் பயணத்தின் கடைசி நாட்களுக்குத் தள்ளாதீர்கள். வந்த முதல் வாரத்திலேயே செய்தால், ஏதாவது சிக்கல் வந்தாலும் ஊசி போட்ட டொக்டர் பக்கத்தில் இருப்பார். கட்டுநாயக்கவில் விமானம் ஏறிய பிறகு கன்னம் வெளிறத் தொடங்கினால் யாரிடம் போவது?

ஆடிவேல் போல வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டிய நாட்களும் அடுத்த இரண்டு வாரத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஊசிக்கு முன் சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை

அஸ்பிரின், ஐபுபுரொஃபென், டைக்லோஃபெனாக், மீனெண்ணெய் மாத்திரை, விட்டமின் ஈ ஆகியவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடியவை. இவற்றை எடுப்பவர்களுக்குக் கண்டல் கூடுதலாக வரும். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்தலாம் என்று டொக்டரைக் கேளுங்கள். ஆனால் இதயத்துக்காகவோ பாரிசவாதத்துக்காகவோ தந்த அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்டல் வந்தால் மறைந்துவிடும், இரத்தக் குழாய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருமா, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினொயின் எடுக்கிறீர்களா, காயம் ஆறும்போது தழும்பு தடித்துப் போகுமா, கர்ப்பமாக இருக்கிறீர்களா அல்லது தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். உதட்டில் ஊசி குத்துவது நீர்க்கொப்புளத்தை மறுபடி கிளப்பலாம். முன்பே தெரிந்தால் தடுக்க மாத்திரை தருவார்கள்.

வெள்ளையாக்கும் கிரீம் பூசுபவர்கள் அதை மறைக்க வேண்டாம். லேபல் இல்லாத டப்பாக்களில் ஸ்டீரொய்டும் பாதரசமும் இருப்பது புதிய செய்தியல்ல. ஸ்டீரொய்டால் மெலிந்த தோல் லேசருக்கும் பீலுக்கும் மோசமாக எதிர்வினை காட்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஊசி போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற வைத்தியரா? போடும் ஃபில்லர் ஹையலுரோனிக் அமில வகையா? அதைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸ் மருந்து நிலையத்தில் இருக்கிறதா? இரவில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறுகிற இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள். ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்துவிட்டால் முதலில் வேண்டியது அந்த மருந்துதான்.

மருந்துப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், தொகுதி இலக்கம், போட்ட அளவு எல்லாம் பிற்பாடு வேறொரு டொக்டருக்குத் தேவைப்படலாம்.

3. வீட்டை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

முகத்தில் வீக்கத்தோடு பாமசியில் வரிசையில் நிற்க வேண்டி வரக் கூடாது. வேண்டியது அதிகமில்லை: துவைத்துக் காய்ந்த தலையணை உறைகள், மேலதிகமாக ஒரு தலையணை, மணமில்லாத மென்மையான முகம் கழுவும் திரவம், வாசலின், எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், பனடோல், ஃபிரிஜ்ஜில் குளிர்ந்த ஜெல் பை, சுத்தமான மெல்லிய துணி.

சாப்பாட்டையும் யோசியுங்கள். உதட்டுக்கோ த்ரெட்டோ செய்பவர்களுக்கு முதல் நாட்களில் வாயை அகலத் திறந்து மெல்வது கஷ்டம். சொதி ஊற்றிக் குழைத்த இடியப்பம், கஞ்சி, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் போதும். கொத்துரொட்டியும் முறுக்கும் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அன்று இரவு வீட்டில் ஒருவராவது கூட இருக்கட்டும். முகத்தில் நிறம் மாறுவதைக் கண்ணாடியில் நீங்கள் பார்ப்பதை விட எதிரே இருப்பவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

4. வீடு திரும்பும் வழி

மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம். தலைக்கவசம் கன்னத்தையும் நெற்றியையும் இறுக்கும், கழற்றும்போது இழுக்கும். புதிதாகப் போட்ட ஃபில்லரும் த்ரெட்டும் அந்த இழுப்பைத் தாங்கும் நிலையில் இல்லை. காலி வீதியில் பஸ் புகைக்குள் ஓட்டோவில் போவதை விட, கண்ணாடி மூடிய கார் ஒன்றை அழைப்பது நல்லது. ஊசித் துளை மூடும் வரை தூசும் வியர்வையும் அதற்குள் போக வழி இருக்கிறது.

மூக்குக்கு ஃபில்லர் போட்டவர்கள் கண்ணாடி அணிவதைப் பற்றி அங்கேயே கேட்டுவிடுங்கள். கண்ணாடியின் பாரம் அப்படியே போட்ட இடத்தில் உட்காரும்.

5. முதல் நான்கு மணி நேரம்

போட்டொக்ஸ் போட்டவர்கள் இந்த நேரத்தில் படுக்காமல், குனியாமல் இருங்கள். நெற்றியைத் தேய்க்காதீர்கள். மருந்து போட்ட தசையிலேயே நிற்க வேண்டும். பக்கத்தில் பரவினால் இமை தொங்கலாம்.

இங்கேதான் நம் வழக்கங்கள் குறுக்கே வரும். கோயிலுக்குப் போய்த் திருநீற்றை மூன்று விரலால் இழுத்துப் பூசுவது, சந்தனத்தைக் குழைத்துத் தேய்ப்பது, ஒட்டுப் பொட்டை ஊசித் துளைக்கு மேலேயே ஒட்டுவது எல்லாம் குறைந்தது ஒரு நாள் வேண்டாம். பொட்டின் பசையைப் பிய்த்தெடுக்கும்போது துளை மறுபடி திறந்து இரத்தம் கசிந்ததைப் பார்த்திருக்கிறேன். தொழுகை உள்ளவர்கள் சிகிச்சை நேரத்தை இரு தொழுகைகளுக்கு நடுவே வரும்படி அமைத்துக்கொண்டால், நெற்றியைத் தரையில் அழுத்தும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். வுளூவின்போது முகத்தைத் தேய்க்காமல் நீரை ஓடவிடலாமா என்று உங்கள் மௌலவியிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

6. முதல் மூன்று நாட்கள்

ஃபில்லர் வீக்கம் பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். ஆகவே மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்து அழ வேண்டாம். உதடு ஒரு பக்கம் பெரிதாக, மறுபக்கம் சிறிதாக இருப்பதும் வழமைதான். இரவு முழுதும் படுத்திருந்ததால் காலையில் கூடுதலாகத் தெரியும், மத்தியானத்துக்குள் கொஞ்சம் இறங்கும். எனக்கு வரும் மறுநாள் அழைப்புகளில் பாதிக்குப் பதில் இதுதான்: "பொறுங்கள், தொடாதீர்கள்."

ஐஸ் வைப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். ஐஸ் கட்டியை நேரே தோலில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பார்கள். மரத்துப்போன தோலில் குளிர்க் காயம் வரும், வலி கூடுகிறதா என்பதும் தெரியாமல் போகும். ஜெல் பையைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் மெதுவாக வையுங்கள், அழுத்தாதீர்கள். எடுத்துவிட்டு இடைவெளி விட்டு மறுபடி வையுங்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு இதனால் பெரிய பயன் இல்லை.

நித்திரைக்கு இரண்டு தலையணை வைத்து, மல்லாந்து படுங்கள். தலை உயர்ந்திருந்தால் வீக்கம் குறையும். குப்புறப் படுத்துப் பழகியவர்கள் இரண்டு பக்கமும் தலையணையை அணைத்து வைத்தால் புரள்வது குறையும்.

முகம் கழுவுவதை அன்று மாலை வரை தள்ளுங்கள், அப்புறம் இளஞ்சூட்டு நீரில் விரல் நுனியால் மட்டும். குழாய் நீர் போதும். கிணற்று நீர் பாவிக்கும் வீடுகளில் முதல் சில நாட்களுக்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரை எடுங்கள். துவாயால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். மேக்கப்பை ஒரு நாள் முழுதும் விடுங்கள். பழைய பவுடர் பஞ்சில் இருக்கும் கிருமிக்கு ஊசித் துளை நல்ல வாசல்.

இரத்த ஓட்டத்தைக் கூட்டுவது எதுவும் வீக்கத்தையும் கண்டலையும் கூட்டும். ஜிம், கடற்கரை ஓட்டம், மதுபானம், நீராவி, கொதிக்கும் அடுப்புக்கு மேல் நின்று சமைப்பது எல்லாம் இரண்டு நாள் வேண்டாம். எண்ணெய் வைத்துத் தலை முழுகுவதையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். தலையில் எண்ணெய் தேய்க்கும் கை நெற்றிக்கும் வந்துவிடும், வழிந்த எண்ணெய் துளைகளிலும் இறங்கும்.

வலிக்கு பனடோல் போதும். பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் வேண்டாம். எடை குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் அதற்கும் குறைவான அளவை டொக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். ஐபுபுரொஃபென், டைக்லோஃபெனாக் வேண்டாம் என்பதற்குக் கொழும்பில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே காய்ச்சல் வந்தால் டெங்குவை எப்போதும் நினைக்க வேண்டும். டெங்கு இருக்கும்போது அந்த மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும்.

7. எது வழமை, எது அவசரம்

மற்றதை மறந்தாலும் இந்தப் பகுதியை நினைவில் வையுங்கள். முடிந்தால் அன்றிரவு உங்களோடு இருப்பவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலோ வெளியிலிருந்து அதை நெரித்தாலோ, அந்தக் குழாய் ஊட்டும் தோல் சாகத் தொடங்கும். முதலில் அந்த இடம் வெளிறும். பிறகு வலை விரித்தது போல ஊதா, சாம்பல் கோடுகள் படரும். வலி ஊசி வலியை விடக் கூடுதலாக இருக்கும், நேரம் போகப் போக ஏறும். சிலருக்கு வலியே இல்லாமலும் இது வரலாம், அதனால் வலியை மட்டும் நம்ப வேண்டாம். நம் மாநிறத் தோலில் வெளிறல் சட்டென்று தெரியாது. சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

ஒரு சின்னப் பரிசோதனை: சந்தேகமான இடத்தை விரல் நுனியால் மென்மையாக அழுத்தி விடுங்கள். வெளிறிய தோலுக்கு இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மறுபக்கத்திலும் அதே போல் செய்து பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகத் தாமதமானால் உடனே டொக்டருக்கு அழையுங்கள், நள்ளிரவானாலும் சரி. தொடக்கூடாது என்று சொன்ன நானே தொடச் சொல்வது இந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

அங்கே ஐஸ் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், குளிர் இரத்தக் குழாயை இன்னும் சுருக்கும். "கண்டல்தான், காலையில் பார்ப்போம்" என்று பனடோல் போட்டுக்கொண்டு படுப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. ஹையலுரோனிடேஸ் சீக்கிரம் போனால் தோலைக் காப்பாற்றலாம். மணிகள் கடக்கக் கடக்க வாய்ப்புக் குறையும்.

பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், ஒரு கண் இருளுதல், கண்ணுக்குள் திடீர் வலி: இவற்றில் எது வந்தாலும் நிமிடக் கணக்குத்தான். டொக்டருக்கு அழைத்தபடியே புறப்படுங்கள். அவர் கிடைக்காவிட்டால் தேசிய கண் வைத்தியசாலைக்கோ மிக அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கோ போங்கள். "முகத்தில் ஃபில்லர் போட்டது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு முட்டினால், அல்லது போட்டொக்ஸுக்குப் பிறகு விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமானால் சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990 அழையுங்கள். அது இலவசம்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒரு இடம் மட்டும் சிவந்து, சூடாகி, துடித்து வலித்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை எடுக்காதீர்கள். முகத்தில் ஒன்றும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் உடல் உளைச்சலோடு அடித்தால் டெங்குவை நினைத்து டொக்டரிடம் போங்கள், இரத்தப் பரிசோதனை எப்போது என்று அவர் சொல்வார்.

போட்டொக்ஸுக்குப் பின் ஒரு இமை கொஞ்சம் தொங்கினால், வேறு அறிகுறி எதுவும் இல்லாதவரை, அவசரமில்லை. சில வாரங்களில் மீளும், அதுவரை உதவச் சொட்டு மருந்தும் உண்டு. டொக்டரிடம் சொல்லுங்கள், மசாஜ் செய்யாதீர்கள்.

8. த்ரெட் செய்தவர்களுக்கு

நூல் தோலுக்கடியில் பற்றிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அதுவரை அகலக் கொட்டாவி, விழுந்து விழுந்து சிரிப்பு, பல் வைத்தியர் நாற்காலி எதுவும் வேண்டாம். பல் வேலை இருந்தால் முன்பே முடியுங்கள். நூல் நுழைந்த இடத்தில் சின்னக் குழி விழுந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே நிரவும். நூல் நுனி வெளியே தெரிந்தால் நகவெட்டியால் வெட்டாதீர்கள், இழுக்காதீர்கள். டொக்டர்தான் எடுக்க வேண்டும்.

9. மைக்ரோநீட்லிங், பீல், லேசர் செய்தவர்களுக்கு

இவர்களின் பெரிய எதிரி வெயில். கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுதும் நண்பகல் வெயில் கடுமைதான். நம் தோலில் மெலனின் அதிகம். தோல் புண்பட்டிருக்கும்போது வெயில் பட்டால் அந்த இடம் கறுத்துவிடும், மறைய மாதங்கள் ஆகும். கரும்புள்ளி போக லேசர் செய்து, மறுவாரமே பெட்டா கடைத்தெருவில் அலைந்து, முன்பை விடக் கறுத்துப் போய் வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வது எளிதல்ல.

டொக்டர் அனுமதித்த நாளிலிருந்து சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கி, அந்த அளவு முழுவதையும் முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மேகமூட்டமும் காரின் கண்ணாடியும் யூவிஏ கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. நிறம் கலந்த, இரும்பு ஒக்சைட் உள்ள வகை நம் தோலுக்கு இன்னும் நல்லது, கறுப்பாக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். குடையைச் சேர்த்தே பிடியுங்கள்.

பீல் செய்த தோல் மூன்றாம் நாளளவில் உரியத் தொடங்கி ஒரு வாரத்தில் முடியும். உரிவதைப் பிய்த்தால் அடியில் ஆறாத தோல் திறந்துவிடும், கறையும் தழும்பும் அங்கேதான் வரும். வாசலின் மெல்லியதாகப் பூசி விட்டுவிடுங்கள். மஞ்சள், தேசிக்காய்ச் சாறு, பச்சைக் கற்றாழை, தேங்காயெண்ணெய் என்று அம்மா எடுத்து வருவார். அன்போடு வாங்கி அலமாரியில் வையுங்கள். தேசிக்காய்ச் சாறு எரிக்கும், அதோடு வெயில் பட்டால் கொப்புளமும் வரலாம். ரெட்டினோல், அமில சீரம், ஸ்கிரப் ஒரு வாரமாவது வேண்டாம்.

10. இரண்டாவது வாரமும் அதற்குப் பிறகும்

பழைய பழக்கங்களை ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். முதலில் மேக்கப், பிறகு மெதுவான நடை, அப்புறம் ஜிம். நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் தோல் முழுதாக மூடிய பிறகு போங்கள். சலூன் வேலைகள் கடைசி: புருவ த்ரெடிங், வக்ஸிங், ஃபேஷியல் எல்லாம் இரண்டு வாரம் கழித்து. த்ரெட் லிஃப்ட் செய்தவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். தலை கழுவப் பின்னால் சாய்த்துத் துவாயை இறுக்கிக் கட்டுவதும் இதில் சேரும்.

முடிவைத் தீர்மானிக்கும் நாள் பதினான்காம் நாள்தான். அதற்கு முன் "போதவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். வீக்கத்துக்கு மேல் போட்டால் வீக்கம் வடிந்த பிறகு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்று காலை, அதே சன்னலோரம், மேக்கப் இல்லாமல் நேராகவும் இரு பக்கமாகவும் படம் எடுத்து, சிகிச்சைக்கு முந்திய படத்தோடு வைத்துப் பாருங்கள். டொக்டரிடமும் அவற்றைக் கொண்டு போங்கள். சிறு கட்டி தட்டுப்பட்டால் மசாஜ் செய்யலாமா என்பதை அவர் சொல்லட்டும். சில கட்டிகளுக்கு அது உதவும், சிலவற்றை இடம் மாற்றிக் கெடுத்துவிடும்.

ஃபில்லர் உள்ள இடம் மாதங்கள் கழித்தும் திடீரென வீங்கலாம். கடுமையான காய்ச்சல், பல் தொற்று, தடுப்பூசி ஆகியவற்றுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதுண்டு. அப்படி வந்தால் எடுத்து வைத்த அந்த ஸ்டிக்கர் படத்தோடு ஊசி போட்ட இடத்துக்கே போங்கள். பல் வைத்தியரிடமோ வேறு எந்த டொக்டரிடமோ போகும்போதும் முகத்தில் ஃபில்லர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.